அறுபத்து நாலு மார்க்

டிரைவர் பஸ் ஓட்டுவதை நிறுத்தி நாலு வருடம் ஆகியும் தெருவுக்கு அவர் டிரைவர்தான். அவரோடு ஓய்வு பெற்றவர்கள் கைக்கு வந்த பணத்தில் மாடி எடுத்தார்கள். இவர் மட்டும் கீழே போனார். போர் போடும் லாரியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்படி பாறையைக் குடைந்து, ஒருவழியாகத் தண்ணீரைப் பிடித்தார். அதை முதலில் வாயில் விட்டவரும் அவர்தான். கொப்பளித்துத் துப்பப் போனவர் துப்பாமல் விழுங்கிவிட்டு, மனைவியைக் கூப்பிட்டு, "இந்தா, குடிச்சுப் பாரு. சர்க்கரை போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் தப்ப முடியாது. கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர், வழி கேட்டு நின்றவர், அடுத்த தெருவுக்குப் போக வேண்டிய கூரியர்காரர், எல்லாருக்கும் ஒரு டம்ளர். அவர்கள் விழுங்கும் வரை எதிரிலேயே நின்று தொண்டையைப் பார்ப்பார். பிறகு, "எப்படி இருக்கு?" என்பார். "தண்ணி மாதிரி இருக்கு சார்" என்று உள்ளதைச் சொன்ன கூரியர்காரரிடம் அதற்கப்புறம் அவர் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

இவ்வளவு பெருமைக்கும் எதிர்வீட்டில் ஒரு காரணம் இருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் அவருடைய சம்பந்தி. தையல்காரரின் மகளைத்தான் டிரைவரின் மகன் கட்டியிருந்தான். மகன் வேலைக்காக வெளியூரில் இருக்க, மருமகள் இங்கே மாமனார் வீட்டில் இருந்தாள். தையல்காரர் வீட்டுக் கொல்லையில் இருந்தது பழைய காலத்துத் திறந்த கிணறு. தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும்.

"சம்பந்தி வீட்ல சமையலுக்கு உப்பு வாங்குற செலவே இல்ல" என்பார் டிரைவர், நாலு பேர் இருக்கும்போது.

"உங்க தண்ணியைக் குடிச்சா சர்க்கரை வியாதி வந்துடுமோன்னு எனக்குப் பயம், சம்பந்தி" என்பார் தையல்காரர், தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த தெருவுக்குள் ஒருநாள் சுகாதார ஆபீஸிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். பை நிறையக் காலி பாட்டில்கள். வீட்டுக் கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுத்துச் சோதனை செய்து தருவதாகச் சொன்னாள், அதுவும் இலவசமாக. இலவசம் என்றதும்தான் தெருவுக்குச் சந்தேகம் வந்தது. கிணற்றுக்கு வரி போடத்தான் வந்திருக்கிறாள் என்று ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில், தண்ணீர் வேண்டாம், பாட்டிலை மட்டும் தருவாயா என்று கேட்டார்கள். டிரைவர் வீட்டுக்கு வரும்போது அவளுக்குப் பாதி உயிர் போயிருந்தது. முதல் வேலையாக அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். அதனாலேயே உட்கார நாற்காலி கிடைத்தது.

"என் தண்ணிக்கு எதுக்கும்மா பரீட்சை?"

"குழாய்ல வர்ற தண்ணியை ஆபீஸ்ல பார்ப்பாங்க சார். சொந்தக் கிணறுன்னா யாரும் பார்க்க மாட்டாங்க. நீங்கதான் பார்த்துக்கணும்."

"பார்த்துக்கிட்டுத்தான இருக்கேன். தினமும் குடிச்சே பார்க்குறேன்."

"சில உலோகம் கலந்திருந்தா கண்ணுக்குத் தெரியாது. வாசனை வராது. ருசிகூட மாறாது."

"நான் என் கிணத்துல எந்த இரும்பையும் போடலையே."

"நீங்க போட வேண்டாம் சார். பாறையிலேயே இருக்கும்."

டிரைவர் கைகளைக் கட்டிக்கொண்டார். முப்பது வருடம் படிக்கட்டில் தொங்கினவர்களிடம் பேசிப் பழகிய மனிதர். இந்தப் பேச்சுக்கெல்லாம் அசைகிறவரில்லை. அவளும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "சரிங்க சார். எதிர்வீட்ல குடுத்துட்டாங்க. நீங்களும் யோசிச்சு..."

"யாரு, தையல்காரரா?"

"ஆமாம் சார்."

"அந்தப் பாட்டிலை எடுங்க" என்றார் டிரைவர். "ஒண்ணு போதுமா?"

முடிவு போனுக்குச் செய்தியாக வந்தது. டிரைவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதை வீடெல்லாம் தேடி, கடைசியில் கண்ணாடி இல்லாமலேயே போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் படித்தார். அவர் பெயர் இருந்தது. அதன்கீழே 'ஆர்சனிக்: 64' என்று இருந்தது. அதற்கும் கீழே 'மேலும் படிக்க' என்று இருந்தது. மேலும் படிக்க அவருக்குத் தேவைப்படவில்லை.

"ஆர்சனிக்னா என்னங்க?" என்றாள் மனைவி.

"சத்து. இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாதிரி இது ஒண்ணு. நமக்கு அறுபத்து நாலு இருக்கு."

செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைத் தாண்டினார். தையல்காரர் கழுத்தில் டேப்போடு சட்டைக்குக் காலர் வெட்டிக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, ரிசல்ட் வந்துச்சா? உங்களுக்கு எவ்வளவு?"

தையல்காரர் போனை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பிடித்தும் பார்த்தார். "மூணு" என்றார்.

"முப்பதா?"

"மூணு."

டிரைவர் சிரித்திருந்தால்கூடத் தையல்காரர் தாங்கியிருப்பார். அவரோ பரிவோடு தோளில் கை வைத்து, "பரவாயில்ல. கிணறு பழசு" என்றார். தெருவில் உள்ள எல்லாரையும் முப்பத்தாறு, நாற்பது என்று எண்ணால் அளந்து வைத்திருந்த தையல்காரருக்கு மூன்று என்பது ஓர் அளவாகவே படவில்லை. கைக்குட்டை தைக்கக்கூடப் போதாது. அன்று மாலை கிணற்றின் வாயில் ஒரு பழைய பலகையைத் தூக்கிப் போட்டு மூடினார். மறுநாள் அவர் மனைவி இரண்டு குடங்களோடு டிரைவர் வீட்டுக் குழாயடிக்கு வந்து நின்றபோது, டிரைவர் தானே குழாயைத் திறந்துவிட்டார். வாழ்க்கையில் அவருக்கு அவ்வளவு நல்ல காலை அதுவரை விடிந்ததில்லை.

அதோடு நின்றிருந்தால் வீட்டோடு போயிருக்கும். அவர் மீதமிருந்த ஜன்னல் பெயிண்டைத் தேடி எடுத்து, குழாய்க்கு மேலே சுவரில் '64' என்று பெரிதாக எழுதினார். பார்த்தவர்கள் கேட்டார்கள்; கேட்டவர்களுக்குச் சொன்னார்; சொன்னதைக் கேட்டவர்கள் கேன் எடுத்து வந்தார்கள். முக்குக்கடை பேக்கரிக்காரர் தினமும் நாலு கேன் பிடித்துப் போய், கண்ணாடிப் பெட்டிமேல் 'எங்கள் பன்கள் 64 மார்க் தண்ணீரில் பிசைந்தவை' என்று எழுதி ஒட்டினார். டிரைவர் யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை. நல்லது நாலு பேருக்குப் போகட்டும் என்றார்.

இதற்கிடையில் தெரியாத எண்ணிலிருந்து அடிக்கடி போன் வந்தது. கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் என்று நினைத்து அவர் கட் பண்ணிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை மட்டும் எடுத்தார்.

"சார், உங்க கிணத்துத் தண்ணி விஷயமா ரொம்ப அவசரமா..."

"பார்த்துட்டேன்ம்மா. ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சோதனைக்காரப் பெண் நேரிலேயே வந்தாள். ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. டிரைவர் வீட்டிலிருந்து அங்கேவரை குடமும் கேனுமாக வரிசை. சுவரில் இருந்த எண்ணைப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவும் மறந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குழாயை மூடினாள்.

"சார், உள்ள வாங்க. தனியாப் பேசணும்."

"தனியா எதுக்கும்மா? எல்லாரும் கேட்கட்டும். சம்பந்தி, நீங்களும் வாங்க. ஆபீஸ்லேருந்து நேர்லயே வந்துட்டாங்க."

"வேண்டாம் சார். உள்ளயே பேசலாம்."

"சத்தமாச் சொல்லும்மா."

அவள் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். "அது மார்க் இல்ல சார். விஷம். ஆர்சனிக்னா விஷம். பத்துக்கு மேல போகக் கூடாது. உங்களுது அறுபத்து நாலு. இந்தத் தண்ணியைக் குடிக்கவும் கூடாது, சமைக்கவும் கூடாது."

வரிசையில் யாரோ ஒருவர் குடத்தைச் சாய்க்க, தண்ணீர் மண்ணில் ஓடியது. அப்புறம் தையல்காரர் கேட்டார். "அப்ப மூணுன்னா?"

"மூணு ரொம்ப நல்லது சார். உங்க கிணறு பாஸ்."

தையல்காரர் தன் வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் கொல்லைப்பக்கம் பலகை இழுபடும் சத்தம் கேட்டது.

டிரைவர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டில் மாறிப்போயிருக்கும், அது சம்பந்தி வீட்டுத் தண்ணி என்றார். அவள் மறுபேச்சுப் பேசாமல் இன்னொரு பாட்டிலை நீட்டினாள். அவரே பிடித்து, அவரே மூடி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பிறகு நிம்மதியில்லாமல் பஸ் பிடித்து ஆபீஸுக்கே போய், பாட்டில் உள்ளே போகிற கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். இரண்டாவது முடிவு அறுபத்தாறு.

"ரெண்டு ஏறியிருக்கு" என்றார் பேக்கரிக்காரர். அவர் கிண்டலாகச் சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா என்று தெரியவில்லை.

அடுத்து டிரைவர் அடுப்பை நம்பினார். பெரிய அண்டாவை ஏற்றி, தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சினார். சோதனைக்காரப் பெண் வந்தபோது வியர்த்து ஒழுகக் கரண்டியோடு நின்றார். "கொதிக்கிற கொதியில எல்லாம் செத்துடும்ம்மா."

"சாகணும்னா அதுக்கு உயிர் இருக்கணுமே சார். அது கிருமி இல்ல, உலோகம். தண்ணிதான் ஆவியாப் போகும். அது அப்படியே அண்டாவுல நிக்கும். காய்ச்சக் காய்ச்ச விஷம் கெட்டியாகும்."

டிரைவர் கரண்டியைக் கீழே வைத்தார். அண்டாவை எட்டிப் பார்த்தார். "அப்ப நான் இவ்வளவு நேரம்..."

"ஆமாம் சார்."

"துணியில வடிகட்டினா?"

"போகாது."

"வெயில்ல வச்சா?"

"சூடாகும்."

அவர் அண்டாவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். பெருமையெல்லாம் அதற்குள் எங்கேயோ போயிருந்தது. வேறொன்று நினைவுக்கு வந்தது. மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம். இந்த வீட்டுத் தண்ணீரைத் தினமும் சொம்பு சொம்பாக அவளுக்கு எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குச் சத்து வேண்டும் என்று.

"அம்மாடி" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "நாளைக்கே டாக்டர்கிட்டப் போலாம். என் கையாலயே உனக்கு..."

மருமகள் கதவோரம் வந்து நின்றாள். மாமியாரைப் பார்த்தாள். மாமியார் வேறு பக்கம் பார்த்தாள்.

"மாமா, கோச்சுக்கக் கூடாது."

"நான் யாரும்மா கோச்சுக்க."

"நான் அந்தத் தண்ணியைக் குடிக்கல. வயித்துல தங்குனதுலேருந்தே குடிக்கல. நீங்க குடுக்குறதையெல்லாம் செடிக்கு ஊத்திடுவேன். எங்கப்பா வீட்லேருந்து பிளாஸ்க்ல கொண்டாந்து குடிப்பேன். சோறுகூட அத்தை அந்தத் தண்ணியிலதான் எனக்குத் தனியா வடிச்சாங்க."

டிரைவர் மனைவியைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பில் இல்லாத அழுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல உங்கப்பாவே கிணத்தை மூடிட்டாரே."

"அப்பா மூடுனாரு. அம்மா பின்பக்கமா பலகையைத் தள்ளி எனக்கு மட்டும் இறைச்சுக் குடுத்தாங்க."

"ஏன்ம்மா? என் தண்ணிக்கு என்ன?"

"இனிப்பா இருக்கு மாமா" என்றாள் மருமகள் தயங்கித் தயங்கி. "குமட்டுது."

நாலு வருடத்தில் அந்தத் தண்ணீரைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லத் துணியாத வார்த்தை. முன்பென்றால் வீடு இரண்டுபட்டிருக்கும். டிரைவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து மனைவி ஓடிவந்தாள். கையை விலக்கிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் இருந்தது.

ஆனாலும் டாக்டரிடம் போனார்கள். மூன்று பேரையும் பார்த்தார். உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்து, சோதனைக்கு எழுதிக் கொடுத்து, இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் இன்னும் பத்து வருடம் குடித்திருந்தால் வேறு கதை என்றார். அந்த வேறு கதை என்னவென்று டிரைவர் கேட்டார். டாக்டர் சொன்னார். வழக்கமாகப் பஸ் ஓட்டுகிறவரிடம் குறை கண்டுபிடிக்கும் டிரைவர், அன்று திரும்பி வரும்போது ஒரு குறையும் சொல்லவில்லை.

மறுநாள் காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கினார். கேன் எடுத்துப் போன ஒவ்வொரு வீட்டுக்கும் போய், "கீழ ஊத்திடுங்க" என்றார். லேசான வேலை என்றுதான் நினைத்தார். இல்லை. அவ்வளவு நன்றாக அவர் புகழ்ந்து வைத்திருந்தார்.

"நல்லாத்தான இருக்கு? நீங்கதான அறுபத்து நாலுன்னு சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"இதைக் குடிச்சதுலேருந்து என் முட்டிவலி போயிடுச்சுங்க."

"முட்டிவலி போகட்டும். தண்ணியை ஊத்துங்க."

"டிரைவர் சார் இப்பத் தனக்கு மட்டும் வச்சுக்கப் பார்க்கிறாரு" என்று ஒரு வீட்டில் உள்ளேயிருந்து குரல் கேட்டது. அந்த வீட்டில் அவர் சமையலறைவரை போய்த் தன் கையாலேயே கேனைக் கவிழ்த்துவிட்டு வந்தார். பேக்கரியில்தான் நேரம் பிடித்தது. பேக்கரிக்காரர் பன்னைத் தூக்கிப் போடச் சம்மதித்துவிட்டார். எழுதி ஒட்டியதைக் கிழிக்கத்தான் மனம் வரவில்லை. கையெழுத்து அவ்வளவு அழகாக வந்திருந்தது. கடைசியில் டிரைவரே கிழித்தார்.

இனி எதிர்வீடு ஒன்றுதான் பாக்கி. அங்கே கீழே ஊற்றச் சொல்லப் போக வேண்டியதில்லை. கேட்டு வாங்கத்தான் போக வேண்டும். மனைவியை அனுப்பலாமா என்று பார்த்தார். அவள், "உங்க கையாலதான அவங்களுக்குக் குழாயைத் திறந்து விட்டீங்க. நீங்களே போங்க" என்று காலிக் குடத்தை அவர் இடுப்பில் வைத்துவிட்டாள்.

தையல்காரர் மெஷினை நிறுத்தினார். "வாங்க சம்பந்தி. உட்காருங்க."

குத்திக்காட்டுவார் என்று டிரைவர் பதில் தயார் பண்ணி வைத்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லாததால் அதெல்லாம் வீணாய்ப் போயிற்று. தையல்காரர் உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை. எதிரிலேயே நின்று தொண்டையைப் பார்த்தார்.

டிரைவர் குடித்தார். உப்பு நாக்கின் ஓரத்தில் ஏறியது.

"எப்படி இருக்கு?" என்றார் தையல்காரர்.

டிரைவர் டம்ளரைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்தார். சுவரைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார். "குடிக்கலாம்" என்றார்.

"அது போதும் எனக்கு" என்று சொல்லிவிட்டுத் தையல்காரர் குடத்தை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

சோதனைக்காரப் பெண் சொன்னபடி சமையலறைக் குழாயில், ஆர்சனிக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வடிகட்டி ஒன்றைப் பொருத்தினார்கள். குளிக்கவும் துவைக்கவும் பழைய தண்ணீரே போதும் என்றாள். வடிகட்டி மாட்டினால் வேலை முடிந்துவிடாது, அதிலிருந்து வரும் தண்ணீரையும் சோதிக்க வேண்டும், உள்ளே இருப்பதைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும் என்றும் சொன்னாள். முதல் சோதனையில் இரண்டு வந்தது. டிரைவர் போனைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினார்.

"சம்பந்தி, ரெண்டு."

"எனக்கு மெஷின் இல்லாமலே மூணு" என்றார் தையல்காரர், ஊசியில் நூல் கோத்தபடி.

அந்தத் தெருவில் எல்லாரும் பாட்டில் கொடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு கிணறுகளில் ஆர்சனிக், ஒரு வீட்டில் பழைய குழாயிலிருந்து ஈயம் என்று வந்தது. பக்கத்து ஊரில்தான் கதவு திறக்க மறுத்தது. சோதனைக்காரப் பெண் அங்கே பள்ளிக்கூட ஹாலில் ஒரு கூட்டம் போட்டு, டிரைவரை வந்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னாள்.

இரண்டு வார்த்தையா அவர் பேசுவார். இஸ்திரி போட்ட சட்டையோடு மேடையேறி, போர் போட்ட லாரியிலிருந்து ஆரம்பித்தார். அவள் இரண்டு தடவை கடிகாரத்தைக் காட்டினாள். ஆனால் சுவரில் எண்ணை எழுதிய இடத்துக்கு வந்ததும் அவர் வேகம் தானாகவே குறைந்தது. "சுவத்துல எழுதினேன். ஊரையே கூப்பிட்டுக் குடுத்தேன். ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லல. எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சு" என்றார். கூட்டத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "சார், அந்தத் தண்ணி இன்னும் இனிப்பாத்தான் இருக்கா?"

"இருக்கு" என்றார் டிரைவர். "அப்படியேதான் இருக்கு. உங்களுது எப்படி?"

"எங்களுதும் நல்ல ருசி சார்" என்று சொல்ல வந்தவர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் பாட்டில் வாங்க வரிசை நின்றது. நிறையப் பேர் அவசரத்தில் வீட்டுக்கு ஓடி, எதிலாவது தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியிருந்தார்கள். ஒருவர் நீட்டியது தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்ப் பாட்டில். டிரைவர் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"என்னங்க இது, மல்லிகைப்பூ வாசனை அடிக்குது."

"கழுவித்தான் சார் பிடிச்சேன்."

"ஆபீஸ் பாட்டில்ல பிடிச்சாத்தான் செல்லும். திரும்பிப் போய்ப் பிடிச்சுக்கிட்டு வாங்க."

"வீடு ரொம்ப தூரம் சார்."

"நான் இங்கதான் இருப்பேன்" என்ற டிரைவர், பஸ்ஸில் கதவோரம் நிற்பவர்களிடம் பேசும் அதே குரலில் வரிசையைப் பார்த்து, "உள்ள தள்ளி நில்லுங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு" என்றார்.